கீறல் விழும் இடம்

மார்பகத்தை நீக்கும் அறுவையில் கத்தி எங்கே கீறுகிறது என்பதைப் பொறுத்தே, பின்னர் அங்கு ஒரு மார்பகத்தை மீண்டும் அமைப்பது எளிதாகவோ கடினமாகவோ ஆகிறது. இந்த உண்மை அறுவை மருத்துவத்தில் வேரூன்ற ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன.

அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் வெளியிட்ட முறையில் மார்பகம், அதை மூடிய தோல், அடியிலிருக்கும் மார்புத்தசைகள், அக்குளின் நிணநீர்க் கணுக்கள் யாவும் ஒன்றாக எடுக்கப்பட்டன. பிழைத்த பெண்ணின் மார்பில் மெல்லிய தோலுக்கு அடியில் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. பலருக்குக் கை வீங்கியது. பக்கத்துத் தோலை நகர்த்திப் புண்ணை மூடுவதை ஹால்ஸ்டெட் எதிர்த்தார். கட்டி மறுபடி முளைத்தால் அது மறைந்துகிடக்கும் என்பது அவருடைய அச்சம்.

இத்தாலியில் இஜினியோ தான்சினி வேறு வழி தேடினார். முதுகுப் பக்கத்துத் தோலை ஒரு மடலாக அறுத்து, அடிப்பகுதியைத் துண்டிக்காமல் முன்னால் திருப்பிப் புண்ணை மூடும் முறையை 1896இல் விவரித்தார். புண் மூடிக்கொண்டது, ஆனால் மடலின் நுனி கறுத்து அழுகியது. அந்தத் தோலுக்கான ரத்தக்குழாய்கள் முதுகின் அகன்ற தசையைத் துளைத்துக்கொண்டு மேலே வருகின்றன. தோலை மட்டும் உரித்தால் அவை அறுந்துவிடும். உடற்கூற்று ஆய்வில் இது தெளிவானதும் தசையையும் சேர்த்தே எடுத்தார். 1906இல் வெளியான இந்தத் திருத்தத்துக்குப் பின் நுனி உயிரோடு நின்றது. இவ்வளவு அருமையான கண்டுபிடிப்பு, ஹால்ஸ்டெட்டின் கருத்து ஓங்கியதும் மறக்கப்பட்டது. 1970களில்தான் அந்த மடல் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. இடைப்பட்ட காலத்துப் பெண்களுக்கு அது பேரிழப்பு.

கீறலின் போக்கு மெல்ல மாறியது. 1915இல் ஃபிரான்சிஸ் ஸ்டூவர்ட் பரிந்துரைத்த குறுக்குக் கீறலின் தழும்பு ஆடைக்குள் மறைந்தது. 1948இல் லண்டனில் பேட்டியும் டைசனும் பெரிய மார்புத்தசையை விட்டுவைத்தனர். 1962இல் ஹியூஸ்டனில் சிலிகான் பை மார்பகத்தில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. 1982இல் ஹார்ட்ராம்ஃப் அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் தசையோடு மேலே கொண்டுவந்து மார்பகம் அமைக்கும் முறையை வெளியிட்டார்.

மார்பகத் திசுவோடு முலைக்காம்பையும் கருவட்டத்தையும் மட்டும் எடுத்து, மற்றத் தோலைப் பை போல விட்டுவைக்கும் முறைக்கு 1991இல் டோத்தும் லாப்பர்ட்டும் பெயர் சூட்டினர். வடிவம் அழகாக அமைந்தது. தான்சினி கண்ட சிக்கலும் திரும்பி வந்தது. உள்ளே எல்லாம் அகற்றப்பட்ட பின் அந்தத் தோல் பெரிதும் அடித்தோலின் நுண்குழாய்களை நம்பியே பிழைக்கிறது. புகைபிடிப்பவர்களுக்கும் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் ஓரம் அழுகும் வாய்ப்பு அதிகம். ஓரம் பிரிந்து சிலிகான் பை வெளியே தெரிந்தால் பல வேளைகளில் அதையே எடுத்துவிட நேர்கிறது. தலைகீழ் 'T' வடிவக் கீறலில் மூன்று கோடுகள் கூடும் முனைதான் முதலில் கறுக்கும்.

முலைக்காம்பையும் காப்பாற்றும் அறுவையில், கருவட்டத்தைச் சுற்றி அறுத்தால் காம்புக்கான ரத்தம் குறைகிறது. மார்பின் அடிமடிப்பில் கீறினால் அந்த ஓட்டம் பெரும்பாலும் தப்புகிறது, தழும்பும் மடிப்புக்குள் ஒளிந்துகொள்கிறது. ஆனால் பெரிய மார்பகத்தில் மேற்பகுதியையும் அக்குளையும் அந்த வழியாக எட்டுவது கடினம்.

தோலுக்கு ரத்தம் எட்டுகிறதா என்று அறிய, அதை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் எத்தனை விரைவாகச் சிவக்கிறது என்று பார்ப்பது பழைய சோதனை. இன்று பல மருத்துவமனைகளில் இண்டோசயனின் பச்சைச் சாயத்தை சிரையில் ஏற்றி, அகச்சிவப்புக் கேமராவால் பார்க்கிறார்கள். சாயம் எட்டாத தோல் திரையில் இருட்டாகத் தெரிகிறது. அந்த ஓரத்தை வெட்டி நீக்கிவிட்டுத் தையல் போடுகிறார்கள்.