பொருள்சார் தேடல்

பொருள்சார் தேடல் என்பது, தட்டிய எழுத்துகளைப் பொருத்திப் பார்ப்பதோடு நில்லாமல், கேட்பவர் எதைக் கேட்கிறார் என்று கணித்து விடை தரும் இணையத் தேடல் முறை. தமிழில் இதன் தேவையை உணர, மதுரைக்கு மேற்கே நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டிய கீழக்குயில்குடி ஒன்றே போதும். ஊர்ப்பெயரைக் கீழக்குயிற்குடி என்றும் எழுதுவர். அங்குள்ள சமணர் மலைக்கு அமணர் மலை என்றும் பெயர். சமணத் தீர்த்தங்கரர் சிலை அமர்ந்திருக்கும் குகையோ ஊராருக்குச் செட்டிப்புடவு. சிலையைச் செட்டியாராகக் கண்டு இட்ட பெயர். நூலில் ‘தீர்த்தங்கரர் சிற்பம்’ என்று படித்தவரும், ‘செட்டிப்புடவு’ என்று டீக்கடையில் கேட்டறிந்தவரும் தேடுவது ஒரே பாறையைத்தான். எழுத்தை மட்டும் பார்க்கும் தேடுபொறிக்கு அவை இரண்டு.

சொற்களைப் பொருளால் தொகுப்பது தமிழுக்குப் பழகிய வேலை. திவாகரம் முதலான நிகண்டுகள் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் எனப் பொருள்வாரியாகவே பெயர்களை அடுக்கின. கணினிக்கு இந்த அறிவு வந்தது வெகு பிந்தி. 2012இல் கூகுளின் அறிவு வரைபடம் ஊர், ஆள், நூல்களை ஒன்றோடொன்று உறவுள்ள பொருள்களாகப் பதிந்தது. 2013இல் அதன் ஹம்மிங்பேர்ட் என்ற தேடல் நெறிமுறை கேள்வியை முழுதாகப் படிக்க முயன்றது; அதே ஆண்டு வந்த வேர்ட்2வெக் என்ற முறை சொற்களை எண்வரிசைகளாக்கி, ஒத்த சூழலில் வருபவற்றை அருகருகே வைத்தது. 2019இல் பெர்ட் என்ற மொழி மாதிரி கூகுள் தேடலுக்குள் வந்தது. தமிழ் உட்பட 17 மொழிகளில் பயிற்றிய மியூரில் என்ற மொழி மாதிரி அதற்கு அடுத்து வந்தது.

பக்கங்களைத் தேடலில் முன்னே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. தொழிலும் மாறியது. முன்பெல்லாம் ஒரே கீவேர்டைப் பத்து இடத்தில் திணிப்பார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்துவைத்தவர்களும் உண்டு. இன்று மலைக்கு எப்படிப் போவது, எந்த நேரத்தில் ஏறலாம் என்று வருபவர் கேட்பதற்கு விடை சொல்லும் பக்கத்துக்கே வாய்ப்பு அதிகம். 2011இல் கூகுள், பிங், யாகூ சேர்ந்து தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் குறிப்புகள் இது ஊர், இது கோயில் என்று பொறிக்கு எடுத்துச் சொல்கின்றன.

ஆய்வாளருக்கு இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நெருங்கியதையெல்லாம் பொறி அள்ளித் தருகிறது. கேட்டது மட்டும் வருவதில்லை. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கீழக்குயில்குடி எல்லாம் ‘மதுரைச் சமணக் குன்றுகள்’ என ஒரே கும்பலில் வந்து விழும். மாங்குளத்துக் கல்வெட்டில் இருப்பது தமிழி எழுத்து; செட்டிப்புடவில் வட்டெழுத்து. இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல். கல்லில் ஒரு பெயர் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டியவர், இன்றும் அதை மேற்கோள் குறிக்குள் எழுத்து மாறாமல் இட்டே தேடுகிறார்.