87 பேர் கொடுத்த கோளம்: கோல்டன் குளோப் பற்றிச் சில குறிப்புகள்

2009 ஜனவரி 12, திங்கட்கிழமை காலை. லாஸ் ஏஞ்சலஸ்ல அப்போ ஞாயிறு மாலை. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மானுக்கு கோல்டன் குளோப் கிடைத்த செய்தி வந்தபோது நான் ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு கேன்டீன்ல வேறு பேச்சே இல்லை. அது எப்படிப்பட்ட வாரம் என்பதையும் சொல்லணும். ஐந்து நாளைக்கு முன்னாடிதான், ஜனவரி 7-ம் தேதி, சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் கணக்கில் பொய் காட்டியதை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதியிருந்தார். ஐ.டி.யில் இருந்த எங்க எல்லாருக்கும் வயிற்றில் புளியைக் கரைத்த நாட்கள். அதற்கு நடுவில் வந்த ஒரே நல்ல செய்தி இது.

(ஒரு சின்ன கிளைக்கதை. அதே சத்யம் நிறுவனத்துக்கு 2008-ல் நல்ல நிர்வாகத்துக்கான ‘கோல்டன் பீகாக்’ விருது கொடுத்திருந்தார்கள். அப்புறம் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தன். ரஹ்மான் கையில் இருந்த தங்கக் கோளத்தை யார் கொடுத்தது, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்க மட்டும் தோன்றவே இல்லை.)

அந்தக் கேள்வி வர எனக்கு 12 வருஷம் ஆச்சு. 2021 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு நீண்ட புலனாய்வுக் கட்டுரை வந்தது. விருது கொடுக்கும் ஹாலிவுட் அயல்நாட்டுப் பத்திரிகையாளர் சங்கத்தில் மொத்த உறுப்பினர்கள் 87 பேர். அதில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. சங்கத்தின் கமிட்டி வேலைகளுக்காகவும் மற்றவற்றுக்காகவும் உறுப்பினர்களுக்கே ஒரு வருஷத்தில் சுமார் 20 லட்சம் டாலர் போயிருக்கிறது. ‘எமிலி இன் பாரிஸ்’ தொடரின் படப்பிடிப்பைப் பார்க்க 30-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களை பிரான்ஸுக்குக் கூட்டிப்போய் ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்கவைத்திருக்கிறார்கள். அந்தத் தொடர் பரிந்துரைப் பட்டியலில் இரண்டு இடம் பிடித்தது. படித்து முடித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த 2009 காலைதான். அன்றைக்கு நான் கொண்டாடியது எதை?

அதனால ஆரம்பத்தில் இருந்து தேடிப் படித்தேன்.

சங்கம் தொடங்கியது 1943-ல், போர்க்காலத்தில். வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதும் நிருபர்களை ஸ்டூடியோக்கள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. தனித்தனியாகக் கதவைத் தட்டுவதைவிட ஒரு சங்கமாகத் தட்டினால் திறக்கும் என்பதுதான் யோசனை. நியாயமான யோசனைதான். விருது என்பது அந்தக் கதவைத் தட்டும் கை. முதல் விழா 1944 ஜனவரியில், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டூடியோவில் நடந்தது. சிறந்த படம் ‘தி சாங் ஆஃப் பெர்னடெட்’. அது ஃபாக்ஸ் தயாரித்த படம்! உடனே எதையும் முடிவு கட்டிவிட வேண்டாம். அதில் நடித்த ஜெனிஃபர் ஜோன்ஸுக்கு அந்த வருஷம் ஆஸ்கரும் கிடைத்தது. விருந்து கொடுத்த வீட்டுக்காரருக்கே பரிசு என்பதாலேயே பரிசு தப்பாகிவிடாது. இந்த முடிச்சு இந்தக் கதையில் கடைசி வரைக்கும் அவிழாமலே வரும்.

1956-ல் இருந்து டிவி நிகழ்ச்சிகளுக்கும் விருது சேர்த்தார்கள். இது எனக்கு ரொம்ப முக்கியமான திருப்பமாகப் படுகிறது. ஆஸ்கர் சினிமாவுக்கு, எம்மி டிவிக்கு. இரண்டு பக்கத்து நட்சத்திரங்களும் ஒரே ஹாலில், வட்ட மேஜையைச் சுற்றி, கையில் கிளாஸோடு உட்கார்ந்திருப்பது இங்கேதான். வீட்டில் பார்க்கிறவனுக்கு இதுதான் ஈர்ப்பு. விருது யாருக்கு என்பதுகூட அப்புறம்தான், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே பாதி நிகழ்ச்சி. சங்கம் விற்றதும் அதைத்தான்.

வாங்கியவை அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள். 1968-ல் அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம், இந்த விழா வெற்றியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றிப் பார்வையாளர்களைத் தவறாக நம்பவைக்கிறது என்று கண்டித்தது. ஒரு முக்கியமான குற்றச்சாட்டு: விழாவுக்கு வராவிட்டால் விருது வேறொருவருக்குப் போய்விடும் என்று வெற்றியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. நம்ம ஊர் சேனல்களின் விருது விழாக்களைப் பார்த்துப் பழகினவங்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தே பட்டியலை ஊகிக்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். ஆனா அங்கே அரசாங்கமே கேள்வி கேட்டது, ஒளிபரப்பிய என்.பி.சி. விலகிக்கொண்டது. 1970-களின் நடுப்பகுதி வரை அந்தச் சேனலில் விழா கிடையாது.

அடுத்தது 1982. இதை நான் ரசித்துப் படித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ‘பட்டர்ஃபிளை’ என்ற படத்தில் நடித்த பியா ஸடோராவுக்கு ‘இந்த ஆண்டின் புதிய நட்சத்திரம்’ விருது. போட்டியில் இருந்தவர்களில் ஒருவர் ‘பாடி ஹீட்’ படத்தின் கேத்லீன் டர்னர். ஸடோராவின் கணவர் மெஷுலம் ரிக்லிஸ் பெரும் பணக்காரர், லாஸ் வேகாஸில் ரிவியேரா என்ற சூதாட்ட விடுதியின் சொந்தக்காரர். ஓட்டுப் போடுவதற்கு முன் சங்க உறுப்பினர்களை அவர் வேகாஸுக்கு அழைத்துப்போய் உபசரித்தது வெளியே வந்தது. மோசமான சினிமாவுக்கான ராஸி விருதும் அதே நடிப்புக்காக ஸடோராவுக்கே போனது வேறு கதை. இந்த முறை விலகியது சி.பி.எஸ்.

என்.பி.சி. திரும்பி வந்தது 1996-ல்தான். அதற்கப்புறம் விழா பெரிசாகிக்கொண்டே போனது. 1999-ல் ‘தி மியூஸ்’ படத்துக்காக உறுப்பினர்களுக்கு விலை உயர்ந்த கைக்கடிகாரங்கள் அனுப்பப்பட்டு, விஷயம் வெளியே தெரிந்ததும் திருப்பி அனுப்பினார்கள். 2011-ல் தொகுப்பாளர் ரிக்கி ஜெர்வைஸ், ‘தி டூரிஸ்ட்’ படம் பட்டியலில் வந்தது எப்படி என்று மேடையிலேயே கிண்டல் அடித்தார். நாமும் வீட்டில் சிரித்தோம். ஊழலைப் பற்றிய ஜோக்கே நிகழ்ச்சியின் ஒரு பகுதி ஆகிவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான், வேறென்ன சொல்ல.

இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்தச் சங்கம் பயந்ததெல்லாம் ஒளிபரப்பு நின்றுபோனபோது மட்டும்தான். விமர்சகர்கள் எழுதினார்கள், நட்சத்திரங்கள் முணுமுணுத்தார்கள், எதுவும் ஒட்டவில்லை. 2021 கட்டுரைக்கு அப்புறமும் அந்த மாத விழா வழக்கம்போல நடந்தது. அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ‘மினாரி’யை, பெரும்பாலும் கொரிய மொழியில் பேசுகிறது என்பதற்காக அயல்மொழிப் படமாக ஒதுக்கி அதிலேயே பரிசும் கொடுத்தார்கள். மே மாதம் டாம் குரூஸ் தன் மூன்று கோளங்களைத் திருப்பி அனுப்பினார், அடுத்த வருஷ ஒளிபரப்பு இல்லை என்று என்.பி.சி. அறிவித்தது. அப்போதுதான் சட்டதிட்டங்கள் மாற ஆரம்பித்தன. 2022 ஜனவரியில் டிவியும் இல்லை, நட்சத்திரங்களும் இல்லை. முடிவுகள் ட்விட்டரில் வந்தன. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ மாதிரி சாவில் முடிகிற கதைக்கு, சிரிப்பே சிறந்த மருந்து என்கிற தோரணையில் ட்வீட் போட்டுவிட்டு அப்புறம் திருத்தினார்கள். கேமரா இல்லாத கோல்டன் குளோப் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அப்புறம் 2023 ஜனவரி 11, நம்ம நேரப்படி புதன்கிழமை காலை. இந்த முறை எல்லாம் தெரிந்துகொண்டு பார்க்க உட்கார்ந்தேன். தொகுப்பாளர் ஜெராட் கார்மைக்கேல், தான் கறுப்பினத்தவன் என்பதால்தான் இங்கே நிற்கிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, தனக்கு 5 லட்சம் டாலர் சம்பளம் என்பதையும் சொன்னார். மேடைப் படியில் உட்கார்ந்துகொண்டு அவர் பேசிய அந்தச் சில நிமிஷம், நான் பார்த்த விருது விழாக்களிலேயே நேர்மையான பகுதி என்பேன். அதே காலையில் சிறந்த பாடலுக்கு ரிஹானா, டெய்லர் ஸ்விஃப்ட், லேடி காகா எல்லாரையும் தாண்டி ‘நாட்டு நாட்டு’ ஜெயித்தது. கீரவாணி எழுந்து போனார். நமக்கு அவர் மரகதமணி. ‘அழகன்’ கேசட்டைத் தேய்த்த வயசு எனக்கு. சோபாவில் இருந்து கத்தினேன். பக்கத்து அறையில் இருந்து மனைவி என்னமோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

கத்தி முடித்ததும் பழைய முடிச்சு திரும்ப வந்தது. உலகம் முழுக்கப் பார்க்கிறோம், எல்லா நிறத்தையும் மதிக்கிறோம் என்று காட்டவேண்டிய கட்டாயம் அந்தச் சங்கத்துக்கு வேறெந்த வருஷத்தையும்விட அந்த வருஷம் அதிகம். அதனால்தான் கிடைத்ததா? எங்க தொழிலில் ஒரு டெஸ்ட் ரிசல்ட் மேல சந்தேகம் வந்தா வேற மெஷின்ல ஓட்டிப் பார்ப்போம். ‘நாட்டு நாட்டு’ மார்ச்சில் ஆஸ்கரும் வாங்கியது. ரஹ்மானுக்கும் 2009 பிப்ரவரியில் இரண்டு ஆஸ்கர். ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டுப் போடும் இடம் அது. ஆக இரண்டு டெஸ்டும் பாஸ் என்று சொல்லலாம். ஆனா ஆஸ்கர்காரர்களும் ஜனவரியில் டிவி பார்க்கிறவர்கள்தானே? இரண்டாவது மெஷின் முதல் மெஷினின் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஓடுகிறது. அதனால் இதை நான் முழு ஆதாரமாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை. ரஹ்மானின் இசையும் கீரவாணியின் பாட்டும் நல்லா இருக்கு என்பதற்கு என் காதே போதும். அவர்களுக்குக் கிடைத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை நான் திருப்பி அனுப்பப் போவதில்லை.

அந்தச் சங்கம் 2023 ஜூனில் கலைக்கப்பட்டது. விருது இப்போது எல்ட்ரிஜ் நிறுவனத்துக்கும் டிக் கிளார்க் புரொடக்‌ஷன்ஸுக்கும் சொந்தம். ஓட்டுப் போடுகிறவர்கள் 300-ஐத் தாண்டிவிட்டார்கள், பல நாட்டுக்காரர்கள். இது நிஜமான முன்னேற்றம். ஆனா டிக் கிளார்க் புரொடக்‌ஷன்ஸில் பங்கு வைத்திருக்கும் பென்ஸ்கி குழுமத்திடம்தான் வெரைட்டி, ஹாலிவுட் ரிப்போர்ட்டர், டெட்லைன் மூன்றும் இருக்கின்றன. விருது சீசனில் ஸ்டூடியோக்கள் விளம்பரம் கொடுக்கும் பத்திரிகைகள் இவை. வேகாஸுக்கு விமான டிக்கெட் போட வேண்டிய அவசியமே இனி யாருக்கும் இல்லை. 2024 விழாவில் புதுசாக வசூல் சாதனைக்கும் ஒரு விருது வந்தது. 15 கோடி டாலராவது வசூலித்திருந்தால், அல்லது அதற்கு ஈடாக ஸ்ட்ரீமிங்கில் பார்க்கப்பட்டிருந்தால்தான் போட்டியிலேயே நிற்க முடியும். ‘பார்பி’ வாங்கியது. அந்தப் பிரிவு வரும்போது நான் காபி போட எழுந்துபோய்விட்டேன்.