பரங்கிமலையின் ‘ஓ’ மாதாவும் ஒரு காத்திருப்புப் பாட்டும்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிப் போகும் மின்சார ரயிலில் பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் தாண்டினால் பரங்கிமலை. இயேசுவின் பன்னிரு சீடரில் ஒருவரான தோமையார் கி.பி. 72இல் இங்கே ஈட்டியால் குத்துண்டு உயிர்விட்டார் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் மரபு. ஆங்கிலத்தில் மலைக்கும் ரயில் நிலையத்துக்கும் அவர் பெயர்தான். ஆனால் மலையுச்சியில் இருக்கும் கோயில் தோமையாருக்கு நேர்ந்ததல்ல, மரியாளுக்கு நேர்ந்தது. அதுவும் நிறைமாதத்தில் பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் மரியாளுக்கு.

அந்த மாதாவின் திருநாள் டிசம்பர் 18. கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஏழு நாள் முன்பு. இந்தத் தேதியும், ‘ஓ கம், ஓ கம், இம்மானுவேல்’ என்று உலகெங்கும் பாடப்படும் புகழ்பெற்ற பாட்டும் ஒரே வேரில் கிளைத்தவை. மலையேறும் பக்தர்களில் பலருக்கும், டிசம்பரில் அந்தப் பாட்டைப் பாடும் பாடகர் குழுக்களில் பலருக்கும் இந்த உறவு தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய உறவு அது.

கதை ஸ்பெயினில் தொடங்குகிறது. கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன நாள் மார்ச் 25. பெரும்பாலும் அது தவக்காலத்துக்குள் விழும். நோன்பும் துக்கமுமாக இருக்கும் நாட்களில் ஒரு மகிழ்ச்சித் திருநாளை எப்படிக் கொண்டாடுவது? 656ஆம் ஆண்டு டொலேடோ நகரில் கூடிய ஆயர் மன்றம் அந்த விழாவை டிசம்பர் 18க்கு மாற்றியது. பின்னாளில் மார்ச் விழா பழைய இடத்துக்கே திரும்பியது. ஆனால் டிசம்பர் 18ஐ மக்கள் கைவிடவில்லை. அது பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் தாயின் திருநாளாக நிலைத்தது. போர்த்துகீசியர் அவளை ‘ஓ மாதா’ என்றே அழைத்தார்கள். போர்த்துகலில் உள்ள பழைய சிலைகளில் அவள் வெளித் தெரியும் கர்ப்பிணி. ஒரு கை வயிற்றின் மேல்.

‘ஓ’ எங்கிருந்து வந்தது?

ரோமத் திருச்சபையின் மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் ஒரு சிறு பல்லவி பாடுவார்கள். டிசம்பர் 17 முதல் 23 வரை ஏழு மாலைகளிலும் அந்தப் பல்லவி ‘ஓ’ என்ற விளியோடு தொடங்கும். ஒவ்வொரு மாலையிலும் வரப்போகிறவருக்கு ஒரு பெயர்: ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், விடியல், நாடுகளின் அரசர், கடைசியாக இம்மானுவேல். பெயர்கள் மாறினாலும் வேண்டுதல் ஒன்றுதான்: வாரும். எகிப்திலிருந்து மீட்ட கையை நீட்டி வாரும். சிறையில் இருப்பவனை வெளியே கொண்டுவர வாரும். இருளில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெளிச்சமாக வாரும். பெரும்பாலான பெயர்கள் ஏசாயா நூலில் இருந்து எடுத்தவை.

9ஆம் நூற்றாண்டில் மெட்ஸ் நகரத்து அமலாரியுஸ் இவற்றுக்கு விளக்கம் எழுதியிருக்கிறார் என்றால், பாட்டு அதற்கும் மூத்தது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் சுவடியில் இதே விளிகளைப் பிடித்துக்கொண்டு விரியும் பழைய ஆங்கிலக் கவிதைகள் இருக்கின்றன. லத்தீனில் அந்த ஏழு பெயர்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து தொடக்கம் நோக்கிச் சேர்த்தால் ‘ஏரோ க்ராஸ்’ என்று வரும். ‘நாளை இருப்பேன்’ என்று பொருள். ஏழாம் மாலை பாடி முடித்தபின், அழைக்கப்பட்டவரே பதில் சொல்வதுபோல. யாராவது திட்டமிட்டு அமைத்தார்களோ, தானாக அமைந்ததோ, கேட்டவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று.

இந்த உரைநடைப் பல்லவிகள் சரணங்களாக மாறி, 1710இல் கொலோன் நகரில் அச்சான ஒரு கத்தோலிக்கப் பாட்டுப் புத்தகத்தில் வந்தன. ஏழில் ஐந்துதான் அங்கே உண்டு. கடைசிப் பெயரான இம்மானுவேல் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அதை ஆங்கிலமாக்கியவர் ஜான் மேசன் நீல். ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊரில் முதியோர் விடுதி ஒன்றின் பொறுப்பாளராக மிகச் சொற்பச் சம்பளத்தில் வாழ்ந்த ஆங்கிலிக்கன் குரு. கத்தோலிக்க வழக்கங்களை மீட்கப் பார்க்கிறார் என்று அவருடைய ஆயரே அவர்மேல் தடை விதித்திருந்தார். அந்த ஒதுக்கத்தில் உட்கார்ந்துதான் லத்தீன், கிரேக்கப் பாட்டுகளைக் குவியல் குவியலாக மொழிபெயர்த்தார். இந்தப் பாட்டு 1851இல் வெளிவந்தது. 1861இல் வெளியான புகழ்பெற்ற ஆங்கிலிக்கன் பாட்டுப் புத்தகம் சில திருத்தங்களோடு அதை எல்லாக் கோயில்களுக்கும் கொண்டுபோனது. விடுபட்ட ஞானத்துக்கும் நாடுகளின் அரசருக்கும் 1916இல், உலகப்போரின் நடுவில், அமெரிக்கப் போதகர் ஹென்றி ஸ்லோன் காஃபின் சரணங்கள் எழுதிச் சேர்த்தார். தமிழ்ப் பாமாலையிலும் இந்தப் பாட்டின் வடிவம் உண்டு.

மெட்டின் கதை இன்னும் ருசியானது. 1850களில் அதை வெளியிட்ட தாமஸ் ஹெல்மோர், லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ள பிரெஞ்சுத் திருப்பலிப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்ததாகக் குறித்தார். லிஸ்பனில் தேடியவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. ஹெல்மோரே மெட்டுப் போட்டுவிட்டுப் பழசு என்று சொன்னாரோ என்ற சந்தேகம் நூறாண்டு நீடித்தது. 1966இல் மேரி பெர்ரி என்ற கன்னியர் பாரிஸ் தேசிய நூலகத்தில் 15ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றைப் புரட்டும்போது அந்த மெட்டைக் கண்டெடுத்தார். அது அடக்கச் சடங்கின் பவனிப் பாட்டு. இறந்தவரைக் கல்லறைக்கு எடுத்துச் செல்லும் வழியில் பாடியது.

நம் காதுக்கு நடபைரவியின் சுரங்கள் கேட்கும் மெட்டு அது. அடக்க ஊர்வலத்தின் நடையில் போய்க்கொண்டே ‘மகிழ்ந்திரு’ என்று பல்லவி சொல்கிறது. மகிழச் சொல்லும் காரணமும் நடந்து முடிந்ததல்ல. ‘பிறப்பார்’ என்ற எதிர்காலம்தான். கிறிஸ்தவ விசுவாசத்தின் நெஞ்சு இந்த இடத்தில் துடிக்கிறது. பெத்லகேமில் பிறந்துவிட்டவரை ஏன் இன்னும் ‘வாரும்’ என்று கூப்பிட வேண்டும்? சிறைகள் இன்னும் திறக்கவில்லை, மரணம் இன்னும் ஓயவில்லை என்பதால்தான். ஒருமுறை வந்தவர் மறுபடி வருவார் என்ற நம்பிக்கையும், வரும்வரை உலகம் படும் பாடும் ஒரே பாட்டில் நிற்கின்றன. குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் டிசம்பர் பிறந்ததுமே நட்சத்திரம் தொங்கி, கேரல் ரவுண்ட்ஸ் புறப்பட்டு, பாலன் பிறந்துவிட்டார் என்ற பாட்டுகள் வீடு வீடாகக் கேட்கும். அந்த உற்சாகம் அருமையானது. ஆனாலும் திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்களை அது விழுங்கிவிடுகிறது; காத்திருப்பவர்களுக்கென்று ஒரு பாட்டு இருப்பது மறந்துபோகிறது.

இந்தப் பகுதியில் காத்திருக்கத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. டிசம்பர் 16ஐ ஒட்டி மார்கழி பிறக்கிறது. திருநீர்மலைப் பெருமாள் கோயிலில் திருப்பாவையும், திரிசூலம் சிவன் கோயிலில் திருவெம்பாவையும் விடியுமுன் ஒலிக்கும் நாட்கள்தான் ‘ஓ’ விளிகளின் நாட்களும். இரண்டும் வேறு வேறு நம்பிக்கைகள். அவற்றைக் குழப்ப வேண்டியதில்லை. ஆனால் இருட்டில் நின்று ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது பரங்கிமலையைச் சுற்றி வாழ்பவர்களுக்கு அந்நியமான வழக்கமே அல்ல.

இனி மலைக்கு வரலாம். உச்சிக் கோயில் தன் தொடக்கமாக 1523ஐச் சொல்கிறது. போர்த்துகீசியர் தங்கள் நாட்டின் ‘ஓ’ மாதா பக்தியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கினார்கள். 1547இல் கட்டுமான வேலைக்காகத் தோண்டியபோது கல்லில் செதுக்கிய சிலுவை ஒன்று கிடைத்தது. இன்றும் பீடத்தின் பின்சுவரில் அதைப் பார்க்கலாம். முனைகள் மொட்டுப்போல் விரிந்த சிலுவை, மேலே இறங்கிவரும் புறா, இருபுறமும் தூண்கள், சுற்றிலும் வளைவாக ஒரு வரி எழுத்து. 1873இல் அறிஞர் ஆர்தர் பர்னெல் அந்த எழுத்தைப் பஹ்லவி, அதாவது இடைக்காலப் பாரசீகம் என்று இனங்கண்டு எழுதினார். போர்த்துகீசியர் வருவதற்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு முன்பே பாரசீகத் தொடர்புள்ள கிழக்குச் சிரியக் கிறிஸ்தவர்கள் இந்த மலையில் தொழுதிருக்கிறார்கள். அந்த மரபின் வழிபாட்டு ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்திய ‘சுபாரா’ காலத்தோடு தொடங்குகிறது. மங்கள வார்த்தையின் காலம் அது. ஸ்பெயினில் டொலேடோ ஆயர்கள் செய்ததைப் பாரசீகம் தன் போக்கில் செய்திருந்தது. இரண்டும் ஒரே குன்றில் வந்து சேர்ந்தன.

சிலுவை இரத்தம் வியர்த்ததாகச் சொல்லப்படும் மரபும் புகழ்பெற்றது. மக்கள் கண்முன் முதன்முதலாக அது நடந்ததாகக் குறிக்கும் நாள் 1558 டிசம்பர் 18. திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது, மாதாவின் திருநாளன்று.

ஏறிப்போகும் படிகளைக் கட்டிக்கொடுத்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு 1726இல் மர்மலாங் பாலம் கட்டியவரும் அவரே.

தோமையாருக்கும் இந்த வாரத்தில் பங்கு உண்டு. அவருடைய பழைய ரோமத் திருநாள் டிசம்பர் 21. ‘விடியல்’ என்று இயேசுவை விளிக்கும் மாலை. லத்தீனில் விடியலைக் குறிக்கும் அந்தச் சொல்லே கிழக்கையும் குறிக்கும். கிழக்கே வந்த சீடருக்கு அதைவிடப் பொருத்தமான மாலை வாய்க்காது. இடைக்காலத்தில் சில இடங்களில் ஏழு போதாமல் மேலும் விளிகளைச் சேர்த்தபோது, ‘ஓ தோமா’ என்று அவருக்கும் ஒரு பல்லவி செய்தார்கள். 1969இல் நாட்காட்டி திருத்தப்பட்டபோது அவர் விழா ஜூலை 3க்குப் போய்விட்டது. மாதாவின் நாள் மட்டும் மலையில் டிசம்பரிலேயே நிற்கிறது.

மலையிலிருந்து தெற்கே தாம்பரம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டு 1937இல் அங்கே குடியேறியது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை அந்தப் புதிய வளாகத்தில் பன்னாட்டு மிஷனரி மன்றத்தின் மாநாடு கூடியது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 471 பேர் வந்தார்கள். முதலில் சீனாவின் ஹாங்சோவில் நடத்தத் திட்டமிட்டது அது. ஜப்பான் சீனாவின்மேல் படையெடுத்ததால் தாம்பரத்துக்கு மாறியது. ஜப்பானிலிருந்து கிறிஸ்தவத் தலைவர் ககாவா வந்தார். சீனாவிலிருந்து இறையியலர் டி.சி. சாவ் வந்தார். இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருக்க, இவர்கள் ஒரே வளாகத்தின் மரங்களுக்கடியில் சேர்ந்து செபித்தார்கள். கிறிஸ்துமஸையும் அங்கேயே கொண்டாடினார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் சபையார். ஆனால் ஏழு விளிகளின் மாலைகள் ஏழும் அந்த மாநாட்டுக்குள்ளேயே வந்துபோயின. டிசம்பர் 22க்குரிய ஆறாவது விளி, பிரிந்த இரு தரப்பையும் ஒன்றாக்கும் மூலைக்கல்லே என்று நாடுகளின் அரசரைக் கூப்பிடுகிறது. ஒன்பது மாதத்தில் ஐரோப்பாவிலும் போர் வெடித்தது.

இன்று டிசம்பர் 17 முதல் செங்கல்பட்டு மறைமாவட்டத்தின் எந்தக் கோயிலில் காலைத் திருப்பலிக்குப் போனாலும், நற்செய்திக்கு முன் வாழ்த்தொலியில் அந்தப் பெயர்கள் தமிழில் கேட்கும். 1970 முதல் உலகெங்கும் உள்ள ஏற்பாடு அது. ஒரு நிமிடம்கூட ஆகாது. அல்லேலூயாவுக்கு நடுவில் வந்து போய்விடும். பாடகர் குழுக்கள் அந்த வரியைச் சற்று நிறுத்திப் பாடலாம். பரங்கிமலைக் கோயிலுக்கோ அது சொந்த வீட்டுப் பாட்டு. டிசம்பர் 18 மாலையில் ஏழு விளிகளையும் தமிழில் முழுதாகப் பாட அந்த மலையைவிட உரிமையுள்ள இடம் இந்தியாவில் வேறில்லை.