தேர்தல் மனுவும் எதிர்மனுதாரருக்கு அறிவிப்பும்

தேர்தல் முடிவை எதிர்த்து வழக்குத் தொடுப்பவர், அதை வென்ற வேட்பாளருக்கு உரிய காலத்தில், முழு விவரத்தோடு தெரிவிக்க வேண்டும் என்ற விதி பிரிட்டனில் தோன்றி, அதன் ஆட்சியில் இருந்த நாடுகளிலும் வேரூன்றியது. தேர்தல் தகராறுகளைப் பிரிட்டனின் மக்களவையே நெடுங்காலம் விசாரித்து வந்தது. பெரும்பான்மைக் கட்சி தன் ஆட்களுக்குச் சாதகமாக முடிவெடுக்கிறது என்ற குறை வலுத்தபோது, 1770-இன் கிரென்வில் சட்டம் அந்தப் பொறுப்பைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களிடம் ஒப்படைத்தது. 1868-இல் விசாரணை நீதிபதிகளிடம் சென்றது.

அந்த 1868-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவிப்பைத் தனிக் கடமையாக வகுத்தது. மனுவைத் தாக்கல் செய்தவர், மனுவின் நகலையும் தாம் கட்டவிருக்கும் பிணையின் தன்மையையும் ஐந்து நாட்களுக்கு மிகாத காலத்துக்குள் எதிர்மனுதாரரிடம் சேர்ப்பிக்க வேண்டும். நகராட்சித் தேர்தல்களுக்கும் இதே முறை பின்னர் வந்தது. 1879-இல் டென்பி நகராட்சி தொடர்பான வழக்கில் பிணை பற்றிய அறிவிப்பு உரிய நாளுக்குள் தரப்படவில்லை. கெடு கட்டாயமானது, நீதிமன்றம் அதைத் தளர்த்த முடியாது என்று தீர்ப்பானது.

இந்தக் கண்டிப்பு மலேசியாவிலும் எதிரொலித்தது. 1964 பொதுத் தேர்தலில் பங்சார் தொகுதியில் வென்ற தேவன் நாயரின் தேர்தலை எதிர்த்து ஒரு மனு தாக்கலானது. அங்குள்ள விதிப்படி பத்து நாட்களுக்குள் அவருக்கு அறிவிப்புச் சேர்ந்திருக்க வேண்டும்; சேரவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தேர்தல் தகராறு விரைந்து முடிவது பொதுநலனுக்கு அவசியம் என்பதால் கெடு கட்டாயமே என 1967-இல் அது தீர்ப்பளித்தது. தேவன் நாயர் பின்னாளில் சிங்கப்பூரின் குடியரசுத் தலைவரானார்.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் இப்பொருளை ஒழுங்குபடுத்தியது 1951-இன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். வேட்புமனுப் பரிசீலனையின்போதே ஒருவரின் தகுதிக்கு ஆட்சேபம் எழலாம். அப்போது அதை மறுக்க வேட்பாளருக்கு அவகாசம் தர 36-ஆம் பிரிவு இடமளிக்கிறது. பரிசீலனை நாளுக்கு அடுத்த நாளைக்கு மறுநாளைத் தாண்டி அந்த அவகாசம் நீளக் கூடாது. மனு நிராகரிக்கப்பட்டால் உடனே நீதிமன்றம் போகலாமா என்ற கேள்வியை எழுப்பியவர், முதல் பொதுத் தேர்தலில் சேலம் மாவட்டம் நாமக்கல் தொகுதிக்கு மனுச் செய்த என்.பி. பொன்னுசாமி. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. தேர்தல் நடவடிக்கைகள் தொடங்கியபின் அவற்றை எதிர்க்க ஒரே வழி, தேர்தல் முடிந்தபின் போடும் தேர்தல் மனுதான் என்று உச்ச நீதிமன்றம் 1952 ஜனவரியில் உறுதி செய்தது. ஆகவே வழக்கு அறிவிப்பு, முடிவு வெளியான பிறகே வேட்பாளரை வந்தடைகிறது.

தொடக்கத்தில் மனு தேர்தல் ஆணையத்திடம் தரப்பட்டது. ஆணையம் அதை அரசிதழில் வெளியிட்டு, எதிர்மனுதாரர் ஒவ்வொருவருக்கும் நகலைத் தபாலில் அனுப்பி, விசாரணையைத் தீர்ப்பாயத்திடம் விடும். முறையாக வேட்புமனு ஏற்கப்பட்ட அனைவரையும் மனுதாரர் வழக்கில் சேர்க்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஆனால் ஒருவரைச் சேர்க்காமல் விட்டதற்காக மனு தள்ளுபடியாகாது என்று 1954-இல் ஜெகந்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1956 திருத்தம் இரண்டையும் மாற்றியது. சேர்க்க வேண்டியவர்களின் பட்டியல் சுருங்கியது. விடுபட்டால் தள்ளுபடி என்பது கட்டாயமானது. வென்றவரின் தேர்தலை ரத்து செய்யக் கோருவதோடு நில்லாமல், தம்மையோ வேறொருவரையோ வென்றவராக அறிவிக்கவும் கோரினால், போட்டியிட்ட எல்லோரும் எதிர்மனுதாரர்கள். தேர்தல் முறைகேடு சுமத்தப்படும் எந்த வேட்பாளரும் எதிர்மனுதாரராக வேண்டும். அப்படி ஒருவரை விட்டுவிட்டுப் பின்னர் குற்றச்சாட்டைத் திருத்தி மனுவைக் காப்பாற்ற முடியாது என்பதை 1969-இல் மோகன் ராஜ் வழக்கு நிலைநாட்டியது.

1966-இல் தீர்ப்பாயங்கள் ஒழிக்கப்பட்டு, மனு நேரே உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. முடிவு வந்த 45 நாட்களுக்குள் மனு தாக்கலாக வேண்டும். எதிர்மனுதாரர் எத்தனை பேரோ அத்தனை நகல்களை உடன் தர வேண்டும். ஒவ்வொன்றிலும் அது உண்மை நகல் என்று மனுதாரரே கையெழுத்திட்டுச் சான்றளிக்க வேண்டும். 1961-இல் சட்டத்தில் சேர்ந்த இந்த நகல் விதியே மிகுதியான வழக்குகளை ஈன்றது. கையெழுத்து இருந்து ‘உண்மை நகல்’ என்ற சொற்கள் மட்டும் இல்லாதது பெருங்குறை அல்ல என்று 1964-இல் சுப்பாராவ் வழக்கு கூறியது. மனுவோடு இணைக்கப்படும் பிரமாணப் பத்திரத்தின் நகலில் உறுதிமொழி ஆணையரின் சான்று இல்லாததே மனுவை வீழ்த்தும் என்று 1996-இல் ஷிப்ரா வழக்கில் தீர்ப்பானது. 1999-இல் டி.எம். ஜேக்கப் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை அதற்குரிய சூழலோடு நிறுத்தியது. எதிர்மனுதாரரைத் தவறான புரிதலுக்குத் தள்ளாத குறை மனுவைக் கொல்லாது என்பது அதன் முடிவு.

அறிவிப்பு ஒருவழிப் பாதையாகவும் நிற்கவில்லை. மனுதாரரோ வேறொருவரோ வென்றதாக அறிவிக்கக் கோரும் வழக்கில், அவர் வென்றிருந்தாலும் அந்தத் தேர்தல் செல்லாது என்று காட்ட விரும்பும் எதிர்மனுதாரர், விசாரணை தொடங்கிய 14 நாட்களுக்குள் நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். வழக்கில் இல்லாத ஒருவரை முறைகேட்டுக் குற்றவாளியாகத் தீர்ப்பில் பெயர் குறிக்கும் முன், அவருக்கு நோட்டீஸ் கொடுத்து, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது 99-ஆம் பிரிவு.

ஒரே எதிர்மனுதாரர் இறந்தாலோ வழக்கை எதிர்க்கப் போவதில்லை என்று தெரிவித்தாலோ, உயர் நீதிமன்றம் அதை அரசிதழில் வெளியிட வேண்டும். மனுச் செய்யும் உரிமை பெற்ற எவரும் 14 நாட்களுக்குள் விண்ணப்பித்து, அவர் இடத்தில் நின்று வழக்கை எதிர்க்கலாம். வாக்காளர் அளித்த தீர்ப்பைப் பற்றிய வழக்கு வேட்பாளர் இருவருக்கிடையே மட்டும் முடிந்துவிடக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் பொருள்.