பழைய நடை, புது நடை

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "நோட்டெல்லாம் எங்கடா இருக்கு?" என்றார். நிலப் பத்திரத்தைக் கேட்கவில்லை. சொசைட்டிக் கடன் எவ்வளவு நிற்கிறது என்றும் கேட்கவில்லை. அம்மா குதிருக்குப் பின்னாலிருந்த தகரப்பெட்டியைத் திறந்து எட்டு நோட்டுகளை எடுத்து வைத்தாள். நீளவாட்டுக் கணக்கு நோட்டுகள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். தென்னந்தோப்பை அண்ணனும் நானும் பத்து நிமிடத்தில் பிரித்துக்கொண்டோம். நோட்டைப் பிரிக்க மூன்று நாள் ஆயிற்று. வடகாடும் மாங்காடும் அண்ணனுக்கு. கொத்தமங்கலம், குளமங்கலம், அணவயல் எனக்கு. நெடுவாசலில் அம்மாவின் உறவுகள் அதிகம் என்பதால் அதை மட்டும் வீடு வீடாகப் பிரித்தோம். 2003இல் எனக்கு வந்த பிதுரார்ஜிதம் ஒன்றேகால் ஏக்கர் தோப்பும், நூற்றுச் சொச்சம் பேருக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் கீரமங்கலம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் இருபது வயதிலிருந்தே மொய்ப் பலகையில் உட்கார வைத்துவிட்டார்கள். நாற்பது ஆண்டு எழுதியிருக்கிறேன். வகுப்பில் நான் எழுதிய எழுத்தைவிடப் பந்தலில் எழுதியது அதிகம் என்று என் மனைவி சொல்லுவாள், பொய்யில்லை.

மொய் என்ற சொல்லுக்கே கூட்டம் என்றுதான் பொருள். ஈ மொய்க்கிறது, ஜனம் மொய்க்கிறது என்கிறோமே, அந்த மொய். பலர் கூடிக் கொடுக்கும் பணத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. தமிழ்நாடு முழுக்க உள்ள பழக்கம்தான் என்றாலும் நாட்டுக்கு நாடு முகம் வேறு. கொங்குப் பக்கம் கடனில் மூழ்கியவர் விருந்து வைப்பார், வந்தவர்கள் சாப்பிட்டு எழும்போது இலைக்கு அடியில் முடிந்ததை வைத்துவிட்டுப் போவார்கள். 1992இல் வந்த 'சின்னக் கவுண்டர்' படத்தில் அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் மொய் விருந்து என்ற ஒன்று இருப்பதே சென்னையில் பலருக்குத் தெரிந்தது. அதில் யார் எவ்வளவு வைத்தார் என்று எழுதுவதில்லை. எழுதாத மொய்யா என்று எங்கள் ஊர்க்காரர்கள் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் இதற்குச் செய்முறை என்று பேர். அங்கே ஒலிபெருக்கியில் ஊரும் பேரும் தொகையும் வாசிப்பார்கள். ஐம்பது ரூபாய் எழுத வந்தவன் அந்தக் குரலைக் கேட்டதும் நூறாக்கிவிடுவான். லூயி துய்மோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1949-50இல் அந்தப் பக்கத்துக் கிராமத்தில் தங்கி, பிரமலைக் கள்ளர் வாழ்க்கையைப் பற்றி 1957இல் பெரிய புத்தகமே போட்டார். சடங்கில் யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்ற கணக்குக்கு அதில் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கியிருக்கிறார். அவர் எங்கள் பக்கம் வந்திருந்தால் இன்னொரு புத்தகம் எழுத வேண்டியிருந்திருக்கும்.

அப்பாவின் நோட்டுகளில் மூத்தது 1974ஆம் வருடத்தது, அக்காவின் காதுகுத்து. புதுக்கோட்டை தனி மாவட்டமான வருஷம். தாய்மாமன் மொய்தான் முதல் வரி: ஐம்பத்தொரு ரூபாய், ஒரு ஜோடி தோடு. அதற்குக் கீழே ரூ. 2, ரூ. 5, ரூ. 2, ரூ. 1, பித்தளைக் குடம் 1, ரூ. 5 என்று இறங்குகிறது. மொத்தம் எண்ணூற்றுச் சொச்சம். பத்து கிராம் தங்கம் சுமார் ஐந்நூறு ரூபாய் விற்ற காலம் அது. அந்த எண்ணூறில்தான் அப்பா கிணற்றை ஆழப்படுத்தினார். வட்டி இல்லை, புரோநோட்டு இல்லை, அடமானம் இல்லை. 1938இல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகளின் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து பழைய வட்டியைத் தள்ளுபடி செய்ததைப் பாடப்புத்தகத்தில் நடத்தியிருக்கிறேன். அது மதராஸ் மாகாணத்துக்கான சட்டம், எங்கள் ஊர் அப்போது தொண்டைமான் சமஸ்தானம். எந்தச் சமஸ்தானமாக இருந்தால் என்ன? மொய்க்கடனைத் தள்ளுபடி செய்யும் சட்டத்தை எந்த மந்திரிசபையும் போட முடியாது.

நான் பையனாக இருந்தபோது மொய் என்றால் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை இவ்வளவுதான். விசேஷம் வந்தால் மொய் வரும். அதில் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடிந்துவிட்ட வீட்டுக்காரர் ஊர் முழுக்கச் செய்துகொண்டே இருப்பார். போட்டது திரும்பி வர அவருக்கு வாசல் இல்லை. அந்த வாசலுக்காகத்தான் மொய் விருந்து என்று தனியாக ஒன்று தலையெடுத்தது. மதுரைப் பக்கம் அதையே வசந்த விழா என்பார்கள். காரணம் ஒன்றும் வேண்டாம். பத்திரிகை அடித்து, கிடா வெட்டி, சோறு போட்டால் போதும். கல்யாணம் இல்லாத ஆடி மாதம் இதற்குத் தோதாக அமைந்தது. பந்தல்காரரும் சமையல்காரரும் சும்மா இருக்கும் மாதம். ஒருவர் ஒருமுறை விருந்து வைத்தால் அடுத்தது ஐந்து வருஷம் கழித்துத்தான். பேராவூரணி வரைக்கும் இதே ஏற்பாடுதான். இங்கே தண்ணீர் நிலத்துக்குள் கிடக்கிறது. ஆழ்குழாய் போடுவதும் மோட்டார் இறக்குவதும் ஆயிரங்களில் முடியும் காரியமாக இல்லை. மொய் விருந்து பெருத்ததற்கும் போர்வண்டி ஊருக்குள் வந்ததற்கும் சம்பந்தம் உண்டு என்பது என் கணிப்பு.

இனி நடையைச் சொல்ல வேண்டும். நீங்கள் எனக்கு ஆயிரம் செய்திருக்கிறீர்கள். உங்கள் விருந்துக்கு நான் வந்து ஆயிரத்து ஐந்நூறு எழுதுகிறேன். ஆயிரம் பழைய நடை, அது தீர்ந்தது. ஐந்நூறு புது நடை, அது இனி நீங்கள் எனக்குச் செய்ய வேண்டியது. அடுத்த முறை அந்த ஐந்நூறைத் தீர்த்து மேலே ஏதாவது வைப்பீர்கள். இப்படி ஒருவர் மாற்றி ஒருவர் கடன்காரராக இருந்துகொண்டே இருப்போம். வாங்கியதற்குச் சரியாக, ஒரு ரூபாய் கூடக் குறையாமல் கொடுத்தால்? பேங்கில் அதற்குப் பாராட்டு. எங்கள் ஊரில் அதற்கு, இனி உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். வாயால் சொல்ல வேண்டியதே இல்லை, எழுதுகிறவன் பேனாவுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட வரியை எழுதும்போது நான் தலையை நிமிர்த்த மாட்டேன்.

1996இல் அப்படி ஒரு வரியை நானே போட்டேன்.

அந்த வருஷம் வீடு கட்ட ஒரு வங்கியில் கடன் வாங்கியிருந்தேன். சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக்கொள்வார்கள். தங்கை கல்யாணத்துக்கு வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கியது தனி. ஆனி கடைசியில் பத்திரிகைகள் வர ஆரம்பித்தன. சுவரில் ஆணியடித்து ஒரு கம்பியில் குத்தி வைப்போம். ஆடி பிறக்கும்போது கம்பியில் முப்பத்தெட்டு. என் மனைவி நோட்டையும் பத்திரிகையையும் வைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்தாள். பழைய நடையைத் தீர்க்கவே ஒன்பதாயிரம் ஆகும். என் கைக்கு வந்த சம்பளம் அதில் பாதிகூட இல்லை.

"வட்டிக்காரனுக்கு ஒரு மாசம் சொல்லிப் பாக்கலாம். இவுகளுக்குச் சொல்ல முடியுமா?" என்றாள்.

முடியாது. தேதி அவர்களுடையது. அந்த நாளில் வராத பணம் பிறகு வந்தால் மொய் அல்ல. அவள் மூன்று வரிசை போட்டாள். முதல் வரிசைக்குப் பழைய நடையும் கொஞ்சம் புது நடையும், தாய்மாமன் வழி, அக்கம்பக்கம். இரண்டாவதுக்குப் பழைய நடை, மேலே பத்து ரூபாய். உறவு அறுந்துவிடாமல் இருக்க அந்தப் பத்து. மூன்றாவதுக்குச் சரிக்குச் சரி. ஆறு பேரை முடித்துவிடுவது என்று முடிவு செய்தோம். விருந்துக்கும் சிக்கனம் இருந்தது. எல்லாருமாக வேனில் போகாமல் நான் சைக்கிளில் போவேன், பையனை முன்னால் உட்கார வைத்துக்கொள்வேன். அவனுக்குக் கறிச்சோறு, எனக்குக் கணக்கு. அந்த ஆடி முழுக்க எங்கள் வீட்டில் மதியம் உலை வைத்த நாள் குறைவு. கடன் அடைக்கிற மாதத்தில்தான் நாங்கள் நன்றாகச் சாப்பிட்டோம் என்பதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

முடித்துவிட்ட ஆறு பேரில் ஒருவர் பனங்குளத்துக்காரர், என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்தவர். இருநூற்று ஐம்பது வாங்கியிருந்தேன், இருநூற்று ஐம்பது எழுதினேன். சாப்பிடாமல் வந்துவிட்டேன். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் மொபட்டில் வந்து இறங்கினார். கையில் ஒரு பலாப்பழம்.

"என்ன வாத்தியாரே, பணம் இல்லன்னா இல்லன்னு சொல்ல மாட்டியா? சோத்தக்கூட வேண்டாம்ன்னுட்டு வந்துட்ட."

நான் என்னவோ சமாதானம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. என் மனைவியிடம் நோட்டை வாங்கி, தன் பெயருக்கு நேராகத் தன் கையாலேயே பத்து ரூபாய் புது நடை என்று எழுதினார். அந்தப் பத்தையும் அவரே எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், என் பணம்போல. கணக்கு வாத்தியார் செய்யக்கூடிய காரியமே இல்லை.

மொய்யைத் திட்டுகிறவர்கள் பக்கம் நியாயம் உண்டு. இரண்டாயிரத்துக்குப் பிறகு தொகை பெருத்த பெருக்கு எனக்கும் பிடிக்கவில்லை. பத்துப் பேர், இருபது பேர் பங்கு போட்டு ஒரே பந்தலில் விருந்து வைக்கிறார்கள். ஆளுக்கொரு எழுத்தர், ஆளுக்கொரு சில்வர் அண்டா, பணம் எண்ணும் மெஷின், காவலுக்கு ஆள். 2019 ஆடியில் வடகாட்டில் ஒருவருக்கு மட்டும் நாலு கோடி ரூபாய் விழுந்தது என்று பத்திரிகையில் வந்தது. கோடி விழுந்தவர் கோடியைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதைத் தலைப்பில் போட மாட்டார்கள். வாங்கிய பணத்தில் கார் வாங்கிவிட்டு அடுத்த ஆடிக்கு வட்டிக்காரரிடம் போன ஆட்களை நான் அறிவேன். மொய் கட்ட வட்டிக்கு வாங்குவதென்றால் தாத்தாக்கள் காறித் துப்புவார்கள்.

கஜா புயல் அடித்தபோதுதான் இதன் அடிமட்டம் தெரிந்தது. 2018 நவம்பர் 16 விடிகாலை. பேராவூரணியிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. பலாவும் போயிற்று. தென்னம்பிள்ளை வைத்துக் காய் பறிக்க ஐந்தாறு வருஷம் ஆகும். மொய்யும் ஐந்து வருஷக் கணக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் தவறிப்போயின. அடுத்த ஆடியில் மொய் பாதியாகக் குறைந்த பந்தல்களில் நான் எழுதினேன். வாங்கிய ஐயாயிரத்துக்கு ஆயிரம் நீட்டிவிட்டு, "மிச்சம் பாக்கின்னு எழுதிக்க" என்பார்கள். பாக்கி என்று எழுதும் வழக்கம் மொய் நோட்டில் கிடையாது. ஆயிரத்தை எழுதிவிட்டு ஓரத்தில் சின்னதாகத் தென்னை மரம் ஒன்று வரைந்து வைப்பேன். பார்த்தால் வீட்டுக்காரருக்குப் புரியும். பிறகு கொரோனா வந்தது, 2020இல் பந்தலே இல்லை.

என் மகன் சென்னையில் இருக்கிறான், அன்று சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து வந்தவன். அவனுக்கும் வீட்டுக் கடன், இருபது வருஷத் தவணை. அங்கே சிநேகிதர்களோடு வெளியே போய்ச் சாப்பிட்டால் ஆளுக்கு எண்ணூறு, ஆயிரம் ஆகிறதாம், அதனால் போவதைக் குறைத்துக்கொண்டானாம். "ஒரு வருஷமா யாரையும் பாக்கலப்பா" என்றான் போனில். நான் மூன்று வரிசையைப் பற்றிச் சொன்னேன். அவன் சிரித்தான். அவன் ஊர் மொய்யை மட்டும் மாதம் ஐந்நூறாகத் தனிக் கணக்கில் போட்டுவைக்கிறான், ஆடிக்கு ஆறாயிரம். அவன் அம்மாவின் பழைய யோசனைதான், பேங்க் மட்டும் புதிது.

போன ஆடியில் கொத்தமங்கலத்தில் ஒரு விருந்து. இப்போது நான் எழுதுவதில்லை, கை நடுங்குகிறது. வரிசையில் நின்றேன். மேசையில் லேப்டாப்போடு ஒரு பையன், பக்கத்தில் ரசீது அடிக்கும் சின்ன மெஷின், ஸ்கேன் செய்ய ஓர் அட்டை. ஊரைச் சொன்னதும் திரையில் எங்கள் வீட்டு வரி வந்தது. அப்பாவின் பெயர், அவருடைய அப்பாவின் முதலெழுத்தோடு.

"தாத்தா, இவுக இருக்காகளா?"

"இல்லப்பா. இருபது வருஷமாச்சு."

"அப்ப உங்க பேரு சொல்லுங்க, மாத்திடுறேன்."

"மாத்த வேண்டாம் தம்பி" என்றேன். "அந்தப் பேருலேயே எழுது. பழைய நடை மூவாயிரம், புது நடை ஐந்நூறு."

அவன் தட்டினான். ரசீது வந்தது. உள்ளே மூன்றாவது பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.