கஞ்சாவும் அதன் போலியும்

ஒரு பொருளுக்கு வழங்கும் பெயரே அதன் இயல்பை மறைத்துவிடுவதும் உண்டு. ‘செயற்கைக் கஞ்சா’ என்னும் பெயர் அத்தகையது. அது தோன்றிய வரலாற்றை நோக்கின், கஞ்சாவின் நகல் அன்று அது என்பது புலனாகும்.

கஞ்சாச் செடி பன்னூறு ஆண்டுகளாக மருந்தாகவும் மயக்கப் பொருளாகவும் மக்கள் அறிந்தது. ஆயினும், மயக்கத்துக்குக் காரணமான ரி.எச்.சி. என்னும் பொருளைத் தூய வடிவிற் பிரித்து அதன் அமைப்பை 1964 இல் வெளியிட்டவர்கள் இஸ்ரவேல் விஞ்ஞானிகளான ரபாயேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியுமாவர். அப்பொருளை மூளையில் ஏற்றுக்கொள்ளும் ‘ஏற்பி’யை அமெரிக்க ஆய்வாளர் 1988 இல் இனங்கண்டனர்.

இத்தகைய ஏற்பிகளின் தொழிலை ஆராய்தற்பொருட்டே, தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஹஃப்மன் என்னும் இரசாயனப் பேராசிரியர் நூற்றுக்கணக்கான சேர்வைகளை ஆக்கினார். அவை ஆய்வுக்குரிய கருவிகள். மனிதர் உட்கொள்வதற்கு அமைந்தவை அல்ல. ஆனால், அவற்றை ஆக்கும் முறை ஆய்விதழ்களில் வெளிவந்தது. ஆதாயம் கருதியோர் அத்தகைய சேர்வைகளைக் கரைத்து, உலர்ந்த இலைகள்மீது தெளித்து, ‘ஸ்பைஸ்’ என்ற பெயரில் நறுமணப் புகைப்பொருள்போல் விற்கலாயினர். 2008 டிசெம்பரில் ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் அவ்விலைகளிலே ஹஃப்மனின் சேர்வை ஒன்று மறைந்திருக்கக் கண்டன.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாது? செடியின் ரி.எச்.சி. ஏற்பியை ஓரளவே தூண்டும். போலிச் சேர்வைகளுட் பல அதனை முழுமையாகத் தூண்டும். தெளிப்பும் சீராக அமைவதில்லை. ஆதலால் ஒரே பொதியில் ஒரு பிடி மெலிந்தும் மறு பிடி மிகுந்தும் இருக்கும். வலிப்பு, சிறுநீரகக் கேடு, மரணம் ஆகியன இதன் விளைவுகளாகப் பதிவாகியுள்ளன. 2016 யூலையில் நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 33 பேர் ஒரே நாளில் தன்னிலை இழந்தனர். அவர்களுட் சிலரின் குருதியை ஆராய்ந்தபோது காணப்பட்ட சேர்வை, ரி.எச்.சி.யிலும் ஏறத்தாழ 85 மடங்கு வலியது என மதிப்பிடப்பட்டது. 2018 இல் இலினோய் மாநிலத்தில் விற்ற பொதிகளில் எலிநஞ்சு கலந்திருந்தது. 150 பேருக்கு மேற்பட்டோர் குருதிப் பெருக்கால் வருந்தினர். சிலர் உயிர் துறந்தனர்.

இவற்றைக் கூறுவதால் செடி தீங்கற்றது என்பது கருத்தன்று. அதுவும் அடிமைப்படுத்த வல்லது. இளம் வயதினரின் மனநலத்தைக் குலைக்கவும் கூடும். ஆயினும் அதன் இயல்பு நெடுங்கால அனுபவத்தால் அறியப்பட்டது. போலிக்கோ அத்தகைய அனுபவம் இல்லை. சட்டம் ஒரு சேர்வையைத் தடுத்தவுடன், அமைப்பிற் சிறு மாற்றத்தோடு மற்றொன்று சந்தைக்கு வருகின்றது. பழைய பெயரை நம்பி வாங்குபவன், எவரும் இதுவரை சோதித்தறியாத ஒரு பொருளுக்குத் தன் உடலையே ஆய்வுகூடமாக ஒப்படைக்கின்றான்.