எமில் ஸாட்டோபெக்

எமில் ஸாட்டோபெக் (19 செப்டம்பர் 1922 – 22 நவம்பர் 2000) செக்கோஸ்லோவாக்கிய நெடுந்தூர ஓட்ட வீரர், ராணுவ அதிகாரி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் இம்மூன்றையும் வென்றவர் இவர் ஒருவரே. 1968இல் தம் நாட்டின் சீர்திருத்த இயக்கத்தை ஆதரித்ததால் ராணுவப் பதவியை இழந்தார்.

இளமையும் ராணுவமும்

மொராவியாவின் கொப்ரிவ்னிட்சே ஊரில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஸ்லீன் நகரில் பாட்டா காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, மேலிடத்தின் கட்டாயத்தால் ஒரு பந்தயத்தில் ஓடி இரண்டாவதாக வந்தார். ஓட்டத்தில் அவருக்குப் பற்று வந்தது அதன் பிறகுதான். போர் முடிந்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். கனமான ராணுவ பூட்ஸ் அணிந்தே பயிற்சி செய்தார். 400 மீட்டரை வேகமாக ஓடுவது, சற்று மெதுவாக ஓடி மூச்சு வாங்கிக்கொள்வது, மீண்டும் விரைவது என்று ஒரே நாளில் பல பத்து முறை ஓடுவார். ஓடும்போது தலை சாயும், முகம் வலியில் கோணும். கால்களின் வேகம் மட்டும் குறையாது.

வெற்றிகள்

1948 லண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் தங்கமும் 5,000 மீட்டரில் வெள்ளியும் பெற்றார். ஹெல்சிங்கியில் அவர் ஓடியதுதான் அவருடைய முதல் மாரத்தான். அங்கே அவர் 5,000 மீட்டரை வென்ற அதே நாளில் மனைவி டானா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார். 1954இல் 10,000 மீட்டரை 28 நிமிடம் 54.2 வினாடியில் ஓடி, 29 நிமிடத்துக்குள் முடித்த முதல் மனிதரானார். 1966இல் தம்மைக் காண வந்த ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க்குக்குத் தம் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் ஒன்றைக் கொடுத்து வழியனுப்பினார். பல உலகச் சாதனைகள் படைத்தும் கிளார்க் ஒலிம்பிக் தங்கம் வென்றதில்லை.

அரசியல்

கம்யூனிஸ்ட் அரசு அவரைத் தன் பெருமையாக உலகுக்குக் காட்டியது. அவரும் கட்சி உறுப்பினராக, கர்னல் பதவிவரை உயர்ந்தார். 1968இல் சீர்திருத்தத்தைத் தொடரக் கோரிய ‘இரண்டாயிரம் சொற்கள்’ அறிக்கையில் கையெழுத்திட்டார். ஆகஸ்டில் அந்தச் சீர்திருத்தத்தை ஒடுக்க சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் நுழைந்தபோது, பிராகில் மக்களிடையே நின்று அதைக் கண்டித்தார். கட்சியும் ராணுவமும் அவரை வெளியேற்றின. நிலவியல் ஆய்வுக் குழுவில் துளையிடும் வேலைக்குப் போனார். ஆண்டுக்கணக்கில் வீட்டைப் பிரிந்து நடமாடும் கூண்டுவண்டியில் தங்கினார். நெருக்கடி தாளாமல் 1970களின் தொடக்கத்தில் தம் நிலைப்பாட்டிலிருந்து பின்வாங்கி அறிக்கையும் விட்டார். அதற்காக 1968இல் அவர் காட்டிய துணிவைக் குறைத்து மதிப்பிட முடியாது. இழக்க ஏதுமில்லாதவராக அல்ல, நாட்டின் மிக உயர்ந்த புகழை உடையவராகவே அவர் அன்று பேசினார்.

பிற்காலம்

கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்தபின் 1990இல் ராணுவம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. 2000இல் பிராகில் காலமானார். இறுதி மரியாதை தேசிய நாடக அரங்கில் நடந்தது. விட்டுவிட்டு விரையும் அவருடைய பயிற்சி முறை இன்று உலகெங்கும் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் அன்றாடப் பயிற்சியில் இடம்பெறுகிறது.